போடியில் அடுத்த வண்டி எப்போது?

அப்பாவின் ஊரான போடிக்குக் குடிவந்து மூன்று வாரம் ஆகியும் எனக்கு இந்த ஊர் பிடிபடவே இல்லை.

சென்னையில் நான் வெறும் முத்துப்பிரியா. இங்கே நான் யார் என்று எனக்கே குழப்பம். மளிகைக் கடைக்காரர் "என்னாத்தா வேணும்?" என்று கேட்கிறார். பத்து வயதுப் பெண்ணைப் பார்த்து ஆத்தாவாம்! இது போதாது என்று, சனிக்கிழமை சாயங்காலம் சுஜிதா வந்து இறங்கினாள். என் அத்தை மகள். ஏழு வயது. வந்ததும் வராததுமாக "மதினி!" என்று கூப்பிட்டாள்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"உன்னயத்தான் மதினி" என்றாள். "மாமா மகளை அப்படித்தான கூப்புடணும்!"

சரி, மதினியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

சுஜிதாவின் அம்மா இருளம்மாள் அத்தை, மலையில் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறார். அங்கேயே குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு. சாமான் வாங்கக் கீழே வந்திருந்தார்கள். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி ஜீப்பில் திரும்ப மேலே ஏறிவிட வேண்டும். அதற்கப்புறம் பொங்கலுக்குத்தான் வர முடியுமாம்.

"மதினி, நீ தினமும் ரயில்லயா பள்ளிக்கூடம் போன?" என்று சுஜிதா கேட்டாள்.

என்னிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. கேட்டால் நான் நிறுத்த மாட்டேன்.

நானும் அம்மாவும் குரோம்பேட்டையில் ஏறுவோம். கிண்டியில் என் பள்ளிக்கூடம், அம்மாவுக்கு அங்கேயே ஆபீஸ். பெண்கள் பெட்டியில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஓர் அக்கா மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்குவார். இன்னொருவர் எனக்குத் தலை பின்னிவிடுவார். கூடையில் கொய்யாப்பழம் வரும், சமோசா வரும், ஹேர்பின் வரும். திரிசூலம் வந்தால் ஜன்னலில் விமானம் தெரியும். அந்த 'தடக் தடக்' இல்லாமல் எனக்கு இங்கே காலையில் சாப்பாடுகூட இறங்குவதில்லை. இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. சுஜிதாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க மலை ரோட்டு வளைவுல நின்னு பாத்தா, கீழ ரயிலு புழு கணக்கா ஊந்து போறது தெரியும். ஆனா சத்தம் கேக்காது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆளு நெறைஞ்சாத்தான் ஜீப்பை எடுப்பாக. ரயில்ல ஆளு நெறையலன்னா என்ன செய்வாக?" என்று கேட்டாள்.

"நிறையலன்னாலும் கிளம்பிடும்டி."

"அப்ப நட்டமாயிராதா?"



சுஜிதா ரயிலில் ஏறியதே இல்லை. அத்தையும்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரை ரயிலில் ஏறித் தேனியில் இறங்குவது, அங்கிருந்து பஸ்ஸில் திரும்பி வருவது என்று முடிவானது. அப்பா லாரியில் லோடு ஏற்றப் போய்விட்டார். அம்மாவுக்குத் தலைவலி. "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. பிரியாவுக்குத் தெரியாத ரயிலா!" என்று அம்மா சொல்லிவிட்டார்.

சுஜிதா மத்தியானமே புதுப் பாவாடை கட்டிக்கொண்டாள். தலையில் மல்லிகைப்பூ. கையில் ஓர் எலுமிச்சம்பழம்.

"இது எதுக்குடி?"

"ஜீப்புல எனக்கு வாந்தி வரும். ரயில்லயும் வரும்ல?"

ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். வண்டி நின்றுகொண்டிருந்தது. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை அல்லவா! மதுரைக்குத் திரும்பும் காலேஜ் அண்ணன்கள் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லா ஜன்னலிலும் தலைகள். சுஜிதா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

குரோம்பேட்டையில் இப்படிக் கூட்டமாக வண்டி வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஏற மாட்டோம். விட்டுவிடுவோம்.

"இது வேணாம் அத்தை" என்றேன். "இதுல ஏறினா சுஜிக்கு நிக்கக்கூட இடம் கிடைக்காது. அடுத்த வண்டி காலியா வரும். ஜன்னல் சீட்டே கிடைக்கும்."

"அடுத்தது வருமா ஆத்தா?"

"பத்து நிமிஷத்துல வந்துடும். எப்பவும் அப்படித்தான்."

"பட்டணத்துப் புள்ள, ரயில்லயே வளந்தவ. நீ சொன்னாச் சரிதான்" என்று அத்தை பையைக் கீழே வைத்தார்.

வண்டி ஊதியது. கதவருகே நின்ற ஓர் அண்ணன், "ஏறுங்கக்கா, வெரசா! எடுத்துட்டான்!" என்று கத்தினார்.

நான் ராணி மாதிரி கையை அசைத்தேன். "நீங்க போங்க அண்ணா. நாங்க அடுத்ததுல வர்றோம்!"

அவர் அப்படியே விழித்தார். பெட்டி நகர நகர, தலையைத் திருப்பித் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு போனார். ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடமும் ஆயிற்று. பிளாட்பாரத்தில் எங்கள் மூவரையும் ஒரு நாயையும் தவிர யாரும் இல்லை. குரோம்பேட்டையில் பிளாட்பாரம் காலியாகி நான் பார்த்ததே கிடையாது. இங்கே என்னடா இப்படி என்று தண்டவாளத்தை எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் தேனிக்குப் போகிறது. மறுபக்கம் கொஞ்ச தூரம் போய், அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அதற்கப்புறம் மலை.

அப்படியென்றால் அடுத்த வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

வாசலில் சுண்டல் விற்கும் மொக்கையன் அண்ணன் தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடினேன்.

"அண்ணா, தேனிக்கு அடுத்த வண்டி எப்போ?"

"இப்பத்தான போச்சு!"

"அதுக்கு அடுத்தது?"

"நாளைக்கு."

"நாளைக்குன்னா?"

"நாளைக்குன்னா நாளைக்குத்தாம்மா. திங்கக்கெழம."

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஓர் ஊரில் ஒரே ஒரு வண்டியா? இதை யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? ஆனால் நான் யாரிடமும் கேட்கவே இல்லையே! எல்லாம் தெரிந்தவள் மாதிரி கையை வேறு அசைத்தேன்.

திரும்பி வந்தேன். சுஜிதா பெஞ்சில் நேராக உட்கார்ந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மதினி, வண்டி கெளம்பிருச்சாமா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"சுஜி, வண்டி வராது" என்றேன். "இங்க ஒண்ணுதானாம். எங்க ஊர் மாதிரின்னு நெனச்சுட்டேன். தப்பு என் மேலதான்."

"அடியாத்தீ!" என்று அத்தை தலையில் கை வைத்தார்.

சுஜிதா அசையவில்லை. "வரும் மதினி. நீதான சொன்ன?" என்றாள். மறுபடியும் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்படி நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"சரி விடு, பொங்கலுக்கு வந்து ஏறுவோம்" என்று அத்தை எழுந்தார்.

"ஒரு நிமிஷம் அத்தை!" என்றேன்.

நானும் அம்மாவும் போடிக்கு எதில் வந்தோம்? ராத்திரி சென்ட்ரலில் ஏறி, காலையில் இங்கே இறங்கினோம். அந்த வண்டி திரும்பிப் போயாக வேண்டுமே! இங்கேயே இருந்து அது என்ன செய்யப் போகிறது?

மறுபடியும் மொக்கையன் அண்ணனிடம் ஓடினேன். "அண்ணா, சென்னை வண்டி?"

"அது தினமும் கெடையாது பாப்பா. வாரத்துல மூணு நாளுதான். நேத்துக் காலையில வந்துச்சு. நேத்தே போயிருக்கும்."

பிளாட்பாரத்தைப் பெருக்க வந்த பொன்னுமணி அக்கா விளக்குமாற்றோடு நின்றுவிட்டார். "நேத்து எங்கண்ணே போச்சு? சனிக்கெழம வந்தா ஞாயித்துக்கெழமதான் போகும்."

"செவ்வாக்கெழம வந்தது அன்னைக்கே போகுதுல்ல?"

"அது செவ்வாக்கெழம!"

"அப்ப சனிக்கெழமைக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?"

இரண்டு பேரும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். அவர்கள் எண்ண எண்ண எனக்கு அன்று என்ன கிழமை என்பதே மறந்துபோனது. இந்த முறை யாரையும் நம்பி நிற்கக் கூடாது என்று நேராக டிக்கெட் கவுன்டருக்குப் போனேன். எட்டிப் பார்க்கக் கால் விரலில் நிற்க வேண்டியிருந்தது.

"மேடம், சென்னை வண்டி இன்னிக்கு உண்டா? தேனியில நிக்குமா? ரிசர்வேஷன் இல்லாத பெட்டி இருக்கா? தேனியிலிருந்து திரும்பி வரப் பஸ் இருக்குமா?"

கவுன்டரில் இருந்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இவ்வளவு கேள்வியா! இன்னைக்கு உண்டும்மா. எட்டரைக்கு. தேனியில நிக்கும். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியும் உண்டு. நீங்க இறங்குற நேரத்துக்குப் பஸ்சும் இருக்கும். ஆனா புதுசா டிக்கெட் எடுக்கணும்."

அத்தையிடம் ஓடி வந்து, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எட்டரையா? விடிஞ்சா அஞ்சு மணிக்கு ஜீப்பு. இனிமே போயி எப்ப சாமான் கட்டுறது? எனக்குச் சோலி கெடக்கு ஆத்தா."

"நான் கட்டுறேன் அத்தை. நாலு மணிக்கு எழுந்து எல்லாப் பையும் கட்டி வைக்கிறேன். சுஜியை எழுப்பி, பல் விளக்கி, ஜீப்புல ஏத்துறது என் பொறுப்பு. நான் கெடுத்தது, நானே சரி பண்றேன்."

அத்தை மகளைப் பார்த்தார். சுஜிதா எங்கள் பேச்சு எதையும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைத் தண்டவாளத்திலேயே வைத்திருந்தாள்.

"எடு டிக்கெட்டை" என்றார் அத்தை.

அத்தையின் போனில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பு பிளாட்பாரம் முழுவதும் கேட்டது. "பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி! போடியில!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தலைவலி போய்விட்டது போல.

இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். பெஞ்சுதான் எங்கள் மின்சார ரயில். "அடுத்த நிலையம், பல்லாவரம்!" என்று நான் சொல்ல, "அடுத்த நெலையம், புலியூத்து!" என்று சுஜிதா சொன்னாள். பல்லாவரத்துக்கும் திரிசூலத்துக்கும் நடுவில், போடிமெட்டு மலைப்பாதையில் இருக்கிற புலியூத்து எப்படி வரும்? கேட்டால் சண்டைக்கு வந்தாள். மொக்கையன் அண்ணன் மிச்சமிருந்த சுண்டலை எங்களுக்கே போட்டுக் கொடுத்துவிட்டு, "சென்னை வண்டி எனக்கே தெரியாமப் போச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

எட்டு மணிக்கு வண்டி வந்து நின்றதும் பெட்டியில் ஏறினோம். நான் சொன்னபடியே காலி! சுஜிதா ஓடிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. கத்துவாள், குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இன்னொரு கண்.

"மதினி" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "வளைவே வரல!"

"வராதுடி."

"ஒண்ணு கூடவா? எனக்கு வாந்தியே வரல மதினி! யம்மா, எனக்கு வாந்தியே வரல!"

பெட்டியில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவளுக்கு வெட்கமே இல்லை. ஜன்னலில் முகத்தை அழுத்தி, தெரிகிற ஒவ்வொரு விளக்குக்கும் கை காட்டிக்கொண்டு வந்தாள். அத்தைகூடக் காலை மடக்கி உட்கார்ந்து, "நல்லாத்தான் இருக்கு ஆத்தா" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'தடக் தடக்' என்று அதே சத்தம். இந்த வண்டி காலையில் சென்ட்ரல் போய்ச் சேரும். சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் ஏறினால் குரோம்பேட்டை. எழுந்திருக்காமல் இப்படியே உட்கார்ந்துகொண்டால் போதும்.

"தேனி வந்தாச்சு" என்றார் எதிரில் இருந்தவர்.

எழுந்தேன். முதலில் நான் இறங்கி, சுஜிதாவைத் தூக்கி இறக்கினேன். வண்டி கிளம்பியது. அவள் கடைசிப் பெட்டி போகும் வரை கை அசைத்தாள். நான் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது உங்க ஊருக்குத்தான போகுது மதினி?"

"ஆமா."

"உனக்குப் போகணும்னு இல்லயா?"

"இருக்கு" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "நீ போயிட்டா, இப்ப பஸ்சுல எனக்கு வாந்தி வந்தா யாரு புடிச்சுக்கிறது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நான்தான் பிடிச்சுக்கணும். வேற யாரு?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு போடி பஸ்ஸைத் தேடி வெளியே நடந்தேன்.