கீழ்த்தளத்துப் போன்

உடைக்கப் போகிற கப்பலில் தனியாக வேலை பார்க்க யாருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடித்தது. நான் பீம்ராவ், கடற்படையில் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். மனைவி சங்கமித்ரா இறந்த பிறகு, திருவொற்றியூர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைவிட, துறைமுகத்தில் கட்டிக் கிடந்த அந்தக் கிழட்டுக் கப்பலில் ஸ்க்ரூ கழற்றுவது எவ்வளவோ மேல்.

கப்பலில் மின்சாரத்தை எடுத்துவிட்டார்கள். பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. துருவும் பழைய டீசலும் கலந்த வாடை வேறு. ஏணியருகே காவலுக்கு ஜோபின் என்ற மலையாளி மட்டும் இருந்தார். அறைக்கு அறை மாட்டியிருந்த போன்களைக் கழற்றிச் சாக்கில் போடுவது என் வேலை. அந்தப் போன்களுக்கு மின்சாரமே வேண்டாம். பேசுகிறவரின் குரலிலேயே ஓடும். அதனால் மேல்தளத்துப் போன் கிர்ரென்றபோது நான் சந்தேகப்படவில்லை.

"இன்னா மாமு, தனியாவா கீற?"

"ஆமா. நீ யாரு?"

"கீய, சோனார் ரூம்ல கீறேன் நைனா."

சோனார் என்பது கடலடிச் சத்தத்தைக் கேட்கும் கருவி; அதன் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஒப்பந்த வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்தேன். வருஷக்கணக்காக இந்தியிலேயே காலம் தள்ளியவனுக்கு நம்ம புளியந்தோப்புப் பேச்சு காதில் விழுந்தால் விட மனசு வருமா? தினமும் பேசினோம். ஆபீஸர்களைத் திட்டினோம். சங்கமித்ராவைப் பற்றிக்கூடச் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குரலுக்காகவே காலையில் வேலைக்கு ஓடினேன்.

கடைசி நாள், இழுவைப் படகு வந்து நின்றது. மேல்தளத்துப் போனும் அவனுடைய சோனார் அறைப் போனும்தான் பாக்கி. மேல்தளத்ததைக் கழற்றப் போவதாக அவனிடம் சொன்னேன்.

"அத்தக் கயட்டாத மாமு," என்று கிசுகிசுத்தான். "அப்பால நான் யாராண்ட பேசறது?"

"மேல வாயேன். டீ குடிச்சிகினே பேசலாம்."

மூச்சு மட்டும் கேட்டது.

டார்ச்சோடு நானே இறங்கினேன்.

சோனார் அறை திறந்தே கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

போனும் இல்லை.

அது இருந்த சுவரில் ஸ்க்ரூ துளைகளும் வெட்டிய கம்பியும்தான். கம்பியின் முனை பச்சை பூத்திருந்தது. வெட்டிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

மேலே ஓடி ஜோபினைக் கேட்டேன். "நம்மளத் தவிர யாரும் இல்லையே சாரே," என்றார். "நீங்க தனியாத்தானே பேசிட்டிருந்தீங்க?"

மேல்தளத்துப் போனைக் கழற்றினேன். கடைசி ஸ்க்ரூ வரும்வரை அது கிர்ரென்று அடித்துக்கொண்டே இருந்தது.

நான் எடுக்கவில்லை.

கப்பலை இழுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து, பயம் தெளிந்த பிறகுதான் எனக்குத் துக்கம் வந்தது. இத்தனை நாள் பேசியவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேனே.

"மன்னிச்சுக்க நைனா," என்றேன், வெறும் கூடத்தைப் பார்த்து.

"பரவால்ல மாமு."

காதருகே.

"குடிக்கத் தண்ணி குடேன். இத்தினி வருசமா உப்புத் தண்ணியேதான்."

கதவு பக்கத்தில்தான் இருந்தது, ஓடியிருக்கலாம். ஆனால் சங்கமித்ரா போன பிறகு அந்த வீட்டில் என்னிடம் யாரும் தண்ணீர் கேட்டதில்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் நிறைய மொண்டு வந்து மேஜை மேல் வைத்தேன்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.