நாலு சக்கரம்... நாலு எலுமிச்சை!

"முதலாளீ...!"

அண்ணாதுரை போட்ட அலறலில், வாழைக்குள் ஒதுங்கியிருந்த மைனாக்கள் மழை என்றும் பாராமல் பறந்தன.

கிராஞ்சி. டிசம்பர் மழை. பட்டப்பகலிலேயே வானம் கறுத்துக் கிடந்தது.

பண்ணை முதலாளி தில்லையம்பலம் சேற்றில் குப்புறக் கிடந்தார். தேக்கா மார்க்கெட்டுக்குக் கீரையும் வாழையிலையும் அனுப்புகிற பெரிய மனிதர். வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வெள்ளைச் சட்டையின் மேல்... டயர் தடம்!

பண்ணை வேலையாள் அண்ணாதுரை நிமிர்ந்து பார்த்தான்.

ஒரு சிவப்புப் பிக்கப் வண்டி கேட்டைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது. ஓட்டியவன் மழைக்கோட்டுக்குள் முகத்தை ஒளித்திருந்தான்.

ஆனால் வண்டி நம்பரை ஒளிக்கவில்லை!

அன்று மாலையே இன்ஸ்பெக்டர் ரோஷினி ஈசூனில் நின்றாள். கூடவே சார்ஜென்ட் ரிஸ்வான்.

அடுக்குமாடிக் கார்பார்க்கின் மூன்றாவது மாடி. சிவப்பு வண்டி சமர்த்தாக நின்றது, கழுத்து வரை சேறு!

"டார்சன்," என்றான் ரிஸ்வான். "சின்ன சைஸ் பிக்கப். ஷோரூம் டெமோ வண்டி மேடம். சேல்ஸ்மேன் அருண்ராஜ் வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருக்கான். அதோ அந்த ப்ளாக்தான் அவன் வீடு."

"போலீஸா? அப்பாடா, இப்பவாவது வந்தீங்களே!"

திரும்பினார்கள். கையில் துடைப்பத்தோடு ஓர் அம்மாள். எதிர் ப்ளாக் அன்னம்மா.

"சத்தம் தாங்கல லா! இன்னைக்கு மத்தியானம் இந்த வண்டி மேல ஏறி வரும்போது திருப்பத்துக்குத் திருப்பம் கிறீச் கிறீச்சுன்னு ஒரே கத்து. பேரப்பிள்ளை எழுந்துட்டான். டவுன் கவுன்சில்ல கம்ப்ளெய்ண்ட் பண்ணலாம்னு கிச்சன் ஜன்னல்லேர்ந்து வீடியோ எடுத்து வச்சிருக்கேன்!"

"காட்டுங்கம்மா."

போனில் வண்டி வளைவில் திரும்பியது. சக்கரங்கள் ஓலமிட்டன. வண்டி நொண்டி நொண்டி நின்றது. மழைக்கோட்டு ஆசாமி ஒருவன் குதித்து, படியில் இறங்கி மறைந்தான். முகம் தெரியவில்லை.

"தினமும் இப்படித்தான் கத்துமா?"

"அதான் இல்ல! அருண்ராஜ் தம்பி ஓட்டினா பூனை மாதிரி போகும். இன்னைக்குத்தான் என்ன கேடோ!"

ரோஷினியின் புருவம் ஏறியது.

அருண்ராஜ் போர்வைக்குள் இருந்தான். நூற்றிரண்டு காய்ச்சல். மனைவி வைஷாலி வேலைக்குப் போயிருந்தாள். மத்தியானம் முழுக்க அவன் வீட்டில்தான் இருந்தான் என்று சொல்ல ஒரு ஈ காக்கை கிடையாது.

"நான் இல்ல மேடம்! சத்தியமா நான் இல்ல!"

"வண்டி உன்னோடது. சேறு பண்ணையோடது. இந்த மாதிரி கேஸுக்கு இந்த ஊர்ல என்ன தண்டனைன்னு தெரியும்ல?" ரிஸ்வான் தன் கழுத்தைத் தடவிக் காட்டினான்.

அருண்ராஜ் அழுதே விட்டான்.

"வைஷாலி மாசமா இருக்கா சார்... புள்ள முகத்தையாவது நான் பார்க்கணும்..."

"அழாம பதில் சொல்லு," என்றாள் ரோஷினி. "தில்லையம்பலத்த எப்படித் தெரியும்?"

"பண்ணைக்கு வண்டி பார்த்துட்டிருந்தார் மேடம். மழை பேஞ்சா அந்த மண்பாதை கூழாயிடும். அதே வண்டி தேக்கா சந்துலயும் நுழையணும். அதான் சின்ன பிக்கப். எங்க ஷோரூம்ல அதுக்கு ரெண்டே வண்டி. நான் டார்சன் விக்கிறேன். பிரேம் ரூகா விக்கிறான். யார் வண்டிய எடுக்கிறாரோ, மொத்த ஆர்டரும் அவங்களுக்கு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

காய்ச்சலிலும் அவனுக்குள் இருந்த சேல்ஸ்மேன் எழுந்து உட்கார்ந்தான்.

"ரூகா கார் மாதிரி மேடம். நாலு சக்கரத்துக்கும் எப்பவும் தானா பவர் போகும். மழையில எக்ஸ்பிரஸ்வேல வழுக்கவே வழுக்காது. ஆனா அடிவயிறு தாழ்வு, கல்லு மேட்டுல தட்டும். டார்சன் முரட்டுப் பய. எந்தப் பள்ளத்துலேர்ந்தும் ஏறி வந்துடும். ஆனா சாதாரணமா பின்சக்கரம் ரெண்டுக்குத்தான் பவர். சேறு வந்தா நாமளே லீவரைத் தள்ளி நாலு சக்கரத்துக்கும் மாத்தணும்."

ரோஷினி தன் போனில் அன்னம்மாவின் வீடியோவைப் போட்டாள்.

கிறீச்...! கிறீச்...!

அருண்ராஜ் காதைப் பொத்திக்கொண்டான்.

"ஐயோ! எந்த மடையன் மேடம் ஓட்டினது? லீவரை மறுபடி ரெண்டுக்கு மாத்தவே இல்ல! நாலு சக்கரத்துல பூட்டி வச்சுட்டு, காஞ்ச சிமெண்ட் தரையில இப்படி ஒடிச்சுத் திருப்பினா முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். அதான் கத்துது! டார்சன் ஓட்டுறவன் தூக்கத்துலகூட இதை மறக்க மாட்டான்."

"அப்ப யார் மறப்பான்?"

அருண்ராஜ் போர்வையை உதறினான்.

"லீவரே இல்லாத வண்டிய ஓட்டிப் பழகினவன்..."

"வண்டிக்கு வேற சாவி இருக்கா?"

"ஷோரூம் பெட்டியில இருக்கு மேடம். யார் வேணா எடுக்கலாம்."

காரில் ஏறும்போது ரிஸ்வான் உதட்டைப் பிதுக்கினான்.

"பிரேம்தான்னு நீங்க நினைக்கிறீங்க. கோர்ட்ல சக்கரம் வந்து சாட்சி சொல்லுமா மேடம்?"

"சொல்லாது. அதனால பிரேமையே சொல்ல வைப்போம்."

மறுநாள். குவீன்ஸ்டவுன். வெளியே அதே மழை.

ஷோரூம் சுவரில் 'சிறந்த விற்பனையாளர்' படம் மாட்டியிருந்தது. அதில் அருண்ராஜ் சிரித்தான். அதற்கு நேர் கீழேதான் பிரேமின் மேஜை. தினமும் காலையில் வந்து உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பில்தான் அவன் விழிக்க வேண்டும். எரியாதா வயிறு?

எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

"அருண் இப்படிச் செய்வான்னு நான் நினைக்கவே இல்ல மேடம்," பிரேம் உச்சுக்கொட்டினான். "பாவம், தில்லையம்பலம் ஐயா. நேத்தெல்லாம் எனக்குச் சோறே இறங்கல."

சாப்பிட்ட பிரியாணிப் பொட்டலம் குப்பைத்தொட்டியில் எட்டிப் பார்த்தது.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மிஸ்டர் பிரேம். நான் வந்தது வேற விஷயமா." ரோஷினி குரலைத் தாழ்த்தினாள். "எங்க அண்ணன் ஜொகூர்ல டுரியான் தோட்டம் வாங்கியிருக்கான். அவனுக்கு ஒரு பிக்கப் வேணும்."

பிரேமின் முகம் மலர்ந்தது.

"ரூகா எடுங்க மேடம்! கண்ண மூடிக்கிட்டு எடுங்க! மழையோ சேறோ, நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். எந்தச் சக்கரம் வழுக்குதோ அதை விட்டுட்டு மத்த சக்கரத்துக்குப் பவர் தானா போயிடும்."

"நான் டார்சன்தான் எடுக்கலாம்னு இருக்கேன்."

மலர்ந்த முகம் சுருங்கியது.

"டா... டார்சனா? அது எதுக்கு மேடம்?"

"நேத்து நானே பண்ணையில போய்ப் பார்த்தேன். அந்தப் பாதையில நடந்தா ஷூ கழண்டுடுது. அதுல டார்சன் என்னமா போயிருக்கு! ஒரு இடத்துல நிக்கல, ஒரு இடத்துல திணறல. வெண்ணெயில கத்தி போன மாதிரி!"

"அப்படியெல்லாம் இல்ல மேடம்..."

"ரூகாவா இருந்தா அங்கேயே உக்காந்திருக்கும்னு ரிஸ்வான்கூட சொன்னார்."

"ஆமா," ரிஸ்வான் தலையாட்டினான். "ரூகா பொம்பளப் புள்ளைங்க பாசார்ல காய்கறி வாங்கப் போக நல்ல வண்டி."

பிரேமின் காது மடல் சிவந்தது.

"அருண்ராஜ் ஆளு எப்படியோ போகட்டும்," ரோஷினி விடவில்லை. "வண்டி விஷயத்துல அவன் பேச்சுதான் சரி. டார்சன் டார்சன்தான்!"

அவ்வளவுதான்! எத்தனையோ நாளாய் உள்ளே கொதித்துக்கொண்டிருந்த உலை பொங்கிவிட்டது.

"என்ன மேடம் சும்மா டார்சன் டார்சன்னு! வெண்ணெயில கத்தியா? வாழைத் தோட்டத்து வளைவுல பின்சக்கரம் ரெண்டும் முட்டி வரைக்கும் புதைஞ்சு போச்சு! லீவரைப் போட்டும் அசையல! கீழ இறங்கி, சக்கரத்துக்கு அடியில வாழைமட்டையை வெட்டிப் போட்டுத்தானே அந்தச் சனியன் வெளிய வந்துச்சு! என் ரூகாவா இருந்தா..."

நின்றான்.

ரோஷினி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்க மிஸ்டர் பிரேம். உங்க ரூகாவா இருந்தா...?"

"அ... அண்ணாதுரை சொன்னான்..."

"அண்ணாதுரை வரும்போது வண்டி கேட்டைத் தாண்டிடுச்சு. சேத்துக்கு அடியில வாழைமட்டை கிடந்தது எனக்கும் ரிஸ்வானுக்கும்தான் தெரியும். அப்புறம், அதைப் போட்டவனுக்கு."

"டெஸ்ட் டிரைவ் அன்னைக்கு நான்..."

"அந்த வளைவுல வாய்க்கால் கரை உடைஞ்சு சேறானதே நேத்து காலையிலதான்!"

தவளை தன் வாயால் கெட்டுவிட்டது.

பிரேம் நாற்காலியில் சரிந்தான். பிறகு நிமிர்ந்து சுவரிலிருந்த படத்தைப் பார்த்தான். அழுகையா கோபமா என்று தெரியாத குரலில் கத்தினான்.

"எல்லாமே அவனுக்கு மேடம்! நான் சேர்ந்து எத்தனையோ வருஷம் கழிச்சு வந்தவன். படம் அவனுக்கு! பாஸ் தோள்ல கை போடுறது அவனுக்கு! இந்த ஒரு ஆர்டராவது எனக்கு வரும்னு கிடந்தேன். போன வாரம் சிராங்கூன் ரோட்டுல பார்த்தேன்... கோயில் வாசல்ல டார்சன் நிக்குது. தில்லையம்பலம் ஐயா தன் கையால நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வைக்கிறார்! அருண் வண்டிய ஏத்தி நசுக்குறான்! நம்ம ஆளுங்க அதை எப்ப மேடம் செய்வாங்க? வண்டி கைக்கு வந்தாத்தானே? எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு."

"அதனால அருண் வண்டியாலயே அவரை அடிச்சு, அருணை மாட்டிவிட்டு... ஒரே கல்லுல ரெண்டு மாங்காயா?"

"ஆமா! எனக்குக் கிடைக்காதது அவனுக்கும் கிடைக்கக் கூடாது!"

ரோஷினியின் போன் அடித்தது. கேட்டாள். உதட்டில் ஒரு சிரிப்பு ஓடியது. ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு மேஜை மேல் வைத்தாள்.

"பேசுங்கய்யா. பிரேம் ஒத்துக்கிட்டான், பக்கத்துலதான் இருக்கான்."

"ஆர்... பிரேம் தம்பியோ?"

பிரேம் பேயைக் கண்டவன் மாதிரி துள்ளி எழுந்தான்.

தில்லையம்பலம்!

வாசகர்களே, அவர் செத்துவிட்டார் என்று நான் எங்காவது சொன்னேனா? மேலே போய்ப் பாருங்கள். மழைச் சேற்றின் புண்ணியம். டயர் ஏறியபோது மனிதர் மெத்தையில் அழுந்துவது போல் அழுந்தியிருக்கிறார். காலும் விலா எலும்பும்தான் போச்சு. செய்தியை வெளியே விடாமல் ஆஸ்பத்திரியில் அடைகாத்தது ரோஷினியின் வேலை!

"ஐயா... நீங்க... அன்னைக்கு டார்சனுக்கு எலுமிச்சம்பழம் வச்சீங்களே..." பிரேமுக்குக் குழறியது.

"ஓம், தேசிக்காய் வைச்சனான். அந்த வண்டிய ஓடிப் பார்க்கேக்க லீவரைப் போட மறந்துபோனன். நேரா வாய்க்காலுக்குள்ள கொண்டுபோய் விட்டிட்டுது. பிள்ளைத்தாச்சி மனிசியை வைச்சிருக்கிற பெடியன், அவனுக்கு ஒண்டும் நடக்கக் கூடாது எண்டு கண்ணூறு கழிச்சு விட்டனான்."

"அப்ப... வண்டி..?"

"எனக்கு இந்த வயசில லீவரெல்லாம் சரிவராது தம்பி. உன்ர ரூகாவைத்தான் எடுப்பம் எண்டு முடிவு. நேற்றுப் பின்னேரம் உனக்குச் சொல்லத்தான் இருந்தனான். அதுக்குள்ள நீ அவசரப்பட்டு நேரிலயே வந்திட்டாய்!"

போன் அணைந்தது.

பிரேம் கண்ணாடிக்கு அப்பால் நின்ற தன் ரூகாவைப் பார்த்தான். பளபளவென்று நின்றது. வாங்க ஆள் இருந்தது. விற்கத்தான் ஆள் இல்லை.

"விசாரணைக்குக் கூட்டிப்போன அருண்ராஜைக் காலையிலேயே விட்டாச்சு. வைஷாலிகிட்ட சொல்லியாச்சு," என்றாள் ரோஷினி. "கிளம்பலாமா?"

கைவிலங்கோடு வெளியே வந்தான் பிரேம். மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. ரோடெல்லாம் தண்ணீர்.

ரிஸ்வான் போலீஸ் காரின் பின்கதவை மரியாதையாகத் திறந்து பிடித்தான்.

"பார்த்து ஏறுங்க பிரேம்... மன்னிச்சுக்கணும், எங்களோடது ரெண்டு சக்கரத்துக்குத்தான் பவர்!"