கறுப்புத் திரையில் புள்ளிகள்

மவுஸிலிருந்து கையை எடுத்த பிறகும் திரையில் அம்புக்குறி நிற்கவில்லை.

பெரிதாக ஒன்றும் நகரவில்லை. இருந்த இடத்திலேயே, ஊசியில் நூல் கோக்கப் பார்க்கிறவரின் விரல் மாதிரி, இடமும் வலமுமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஹேமநாதன் உதட்டைப் பிதுக்கினான். நெட் மந்தமாக இருந்தால் இப்படித்தான். மழை பெய்தால் இந்த முகப்பேரில் எதுதான் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. மனைவி கிருஷ்ணப்பிரியா காலையிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேக்காட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடியில், சன்னல்களைச் சாத்திவிட்டு, ஈரத் துணி வாடையும் கீழ்வீட்டுப் பிரியாணி வாசனையும் கலந்து அடித்த அறையில் அவன் லேப்டாப்பின் முன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்த டெஸ்க்டாப் அந்த லேப்டாப்புடையது அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில், ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியின் பூட்டிய அறைக்குள் இருக்கும் சர்வருடையது. அந்த அறையில் இப்போது மானிட்டர் கிடையாது, மவுஸ் கிடையாது, கீபோர்டும் கிடையாது. இரும்பு அலமாரிக்குள் ஒரு பெட்டி மட்டும். அதை வீட்டிலிருந்தபடியே மேய்ப்பதுதான் அவன் பிழைப்பு.

டெஸ்க்டாப்பே அவனுக்கு அவமானம். சர்வர் என்றால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, விரல் நுனியில் கட்டளை. படத்தைத் தொட்டுத் தொட்டு வேலை செய்வது எல்.கே.ஜி. பிள்ளைகளின் சமாசாரம் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வான். ஆனால் முதலாளி லோகநாதன் வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருந்தார்.

"டெஸ்பாட்சுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, ஸ்வாதின்னு. கறுப்பு ஸ்க்ரீனைப் பாத்தா அதுக்கு ஒண்ணும் புரியலையாம்பா. படம் கிடமெல்லாம் வெச்சு எடுத்துக் குடு. திங்கக்கிழமை காலைல வேணும்."

"சார், அது சேஃப் இல்ல சார்."

"உன் சேஃப்டியெல்லாம் போன வருஷமே பாத்தாச்சு. குடுத்துடு."

அதனால்தான் இன்று வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து, டெஸ்க்டாப்பை சர்வரில் ஏற்றி, தூரத்திலிருந்து அதைப் பார்ப்பதற்கான வழியையும் திறந்துவிட்டிருந்தான். திரையில் நீலப் பின்னணி வந்தது. ஓரத்தில் ஒரு குப்பைத்தொட்டிப் படம். நடுவில் அந்த அம்பு.

இணைப்பைத் துண்டித்து மறுபடி போட்டான். அம்பு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே வேறு யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று கட்டளை கொடுத்துப் பார்த்தான். பட்டியலில் அவன் பெயர் மட்டும்தான் வந்தது. பாஸ்வேர்டை மாற்றினான். அம்பு அதைச் சட்டை செய்யவில்லை. தரையில் கால் தேய்த்து நடப்பவர் மாதிரி, நின்று நின்று, திரையின் ஓரத்தை நோக்கிப் போக ஆரம்பித்தது.

ஸ்வாதிக்கு போன் போட்டான்.

"எம்மா, யாரைக் கேட்டு சர்வருக்குள்ள போன?"

"சார்? நான் கள்ளிக்குப்பத்துல வீட்டுல இருக்கேன் சார். துணி மடிச்சிட்டிருக்கேன். நீங்க இன்னும் பாஸ்வேர்டே குடுக்கலையே."

"குடுத்தாலும் கிழிச்சிருப்ப" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

எவனோ வெளியாள். சைனாக்காரனோ, பக்கத்துத் தெரு காலேஜ் பையனோ. ஹேமநாதனுக்குப் பயம் வரவில்லை, ஏளனம்தான் வந்தது. உள்ளே நுழையத் தெரிந்தவனுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியவில்லையே! என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று மிக்சர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்தான்.

அம்பு குப்பைத்தொட்டிப் படத்தின்மேல் ஏறியது. தவறிக் கீழே இறங்கியது. மறுபடி ஏறியது. நின்றது.

டொக்.

கொஞ்சம் பொறுத்து, டொக்.

தொட்டி திறக்கவில்லை. இரண்டு அழுத்தலுக்கும் நடுவே ஒரு மூச்சு இழுத்து விடலாம். அவ்வளவு மெதுவாக அழுத்தினால் டபுள் கிளிக் ஆகாது. மழலை வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஹேமநாதன் வாய்விட்டுச் சிரித்தான்.

டொக். டொக்.

சிரிப்பு பாதியில் நின்றது. சர்வரின் ஒலியை அவன் இணைக்கவே இல்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது? லேப்டாப்பின் ஒலியை முழுக்கக் குறைத்தான். டொக். மழையையும் தாண்டி, மேசையின் மரத்திலிருந்தே வருவதுபோல, டொக். இந்த இடைவெளியை எங்கோ கேட்டிருக்கிறோம் என்று தோன்றியது. தோன்றியதுமே எங்கே என்பதும் தெரிந்துவிட்டது. மிக்சர் டப்பாவைக் கீழே வைத்தான்.

கேட் பாஸ் எழுதிக்கொண்டிருந்த சண்முகசுந்தரம். வயது ஐம்பத்தாறு. வலது கை எப்போதும் நடுங்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது, அவருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை ஹேமநாதன் தலையில் விழுந்தது. ஒரு மாதம் ஆகியும் கிழத்துக்கு டபுள் கிளிக் வரவில்லை. அவர் தடுமாறுவதைத் திரையோடு படம்பிடித்து, சனிக்கிழமை மீட்டிங்கில் சுவரில் போட்டுக் காட்டினான். முதலாளி உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். சண்முகசுந்தரமும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ரோஷம் இல்லாத ஜென்மம். அடுத்த வாரமே பாதுகாப்பு என்று காரணம் சொல்லி சர்வரிலிருந்து டெஸ்க்டாப்பையே எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவர் சர்வர் அறையில், ஏசிக் குளிரில் தைலம் தடவி மப்ளர் சுற்றிக்கொண்டு, கறுப்புத் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் ஏப்ரலில் ஒருநாள் அங்கேயே செத்துப்போனார். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஹேமநாதன் கூப்பிய கை போட்டான். முதல் ஆளாகவே போட்டான்.

டொக். டொக்.

கொஞ்சம் வேகம் கூடியிருந்தது.

செத்தவர் மவுஸ் பிடிக்கிறார் என்று நம்பினால் தன்னைவிட மடையன் கிடையாது என்று சொல்லிக்கொண்டான். ஆனால் கம்பெனி வாட்ச்மேன் டில்லிபாபுவின் எண்ணைத் தேடியபோது விரல் இரண்டு தடவை தப்பியது.

"டில்லி, சர்வர் ரூம்ல யார்யா இருக்கா?"

"யாரும் இல்ல சார். ரூம்பு பூட்டிகினு கீது. சாவி எங்கையிலதான் கீது."

"திறந்து பாரு."

"இப்பவா சார்?"

"சொன்னதைச் செய்யுய்யா. யோசிக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?"

செருப்புச் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் போனுக்குள் பெரிதாகி, பூட்டு திறந்ததும் சட்டென்று அடங்கியது.

"யாரும் இல்ல சார். பொட்டிதான் கீது. பச்ச லைட்டு மினுக்குது. ஏசி ஆஃப்லதான் கீது சார், ஆனா ஜில்லுனு கீது. இன்னானு தெரில."

"பொட்டிக்குப் பின்னாடி ரெண்டு வயர் போகும். ரெண்டையும் பிடுங்கு."

"மொதலாளி கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன். பிடுங்குய்யா!"

முனகல். பிளக் கழலும் சத்தம். சர்வரின் இரைச்சல் இறங்கி இறங்கி ஓய்ந்தது.

"புடுங்கிட்டேன் சார். லைட்டெல்லாம் பூட்ச்சு. ஒரே இருட்டு."

ஹேமநாதன் திரையைப் பார்த்தான். நீலப் பின்னணி அப்படியே இருந்தது. இணைப்பு போய்விட்டது என்ற அறிவிப்பு வரவேண்டும். வரவில்லை. அம்பு குப்பைத்தொட்டியின் மேல் நின்று, மூச்சு வாங்குவதுபோல, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"சார்? இருக்கீங்களா? நான் போவட்டா சார்? எனக்கு இந்த ரூம்புல நிக்கவே புடிக்கல. அன்னிக்கு நான்தான் சார் டூட்டி. அங்கம்மா பெருக்கப் போயி கத்துச்சே, ஓடியாந்து நான்தான் அவர கீபோர்டு மேலேந்து தூக்குனேன். ஒடம்பு இன்னும் சூடா இருந்துச்சு சார்."

"என்ன சொன்ன?"

"சூடா இருந்துச்சு சார். அப்பத்தான் போயிருப்பார் போல. கொஞ்சம் முன்னாடி யாரானும் பாத்திருந்தா பொழச்சிருப்பாரு மனுசன். ஏசி ரூம்பு, கதவு சாத்திகினு இருந்துச்சு. யாருக்குத் தெரியும்?"

ஹேமநாதன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

யாருக்குத் தெரியும்.

அவனுக்குத் தெரியும். சண்முகசுந்தரத்தின் திரையை வீட்டிலிருந்தே பார்க்க அவன் ஒரு வழி வைத்திருந்தான். பொழுது போகாதபோது திறந்து, அவர் செய்யும் பிழைகளை எண்ணிச் சிரிப்பான். அன்று பதினொன்றே முக்காலுக்குத் திறந்தபோது, பாதி எழுதிய கேட் பாஸின் நடுவே புள்ளி விழுந்துகொண்டிருந்தது. புள்ளிக்குப் பின் புள்ளி. வரி வரியாக. கிழம் கீபோர்டில் தலை வைத்துத் தூங்குகிறது என்று நினைத்தான். படமெடுத்து ஒரு நண்பனுக்கு அனுப்பினான். குளித்தான். சாப்பிட்டான். இரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தான். புள்ளிகள் வந்துகொண்டிருந்தன. நடுநடுவே ஒரு நொடி நிற்கும். யாரோ தலையைத் தூக்கப் பார்த்து முடியாமல் போனதுபோல. மறுபடி வரும். மூன்றே முக்காலுக்குத்தான் அடியோடு நின்றது. நான்கு மணிநேரம். சாவுச் செய்தி வந்ததும் முதலில் அந்தப் புள்ளிகள் பதிவாகியிருந்த கோப்பை அழித்தான். கூப்பிய கையைப் போட்டது அதற்கப்புறம்.

கட்டளை கொடுத்து அழித்தது. கட்டளையில் அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாது. எங்கேயும் போகாது. இதுகூடத் தெரியாத முட்டாள், போய் அந்தத் தொட்டியை...

டொக்டொக்.

திறந்தது.

உள்ளே ஒரே கோப்பு. பெயரில் அன்றைய தேதி. அம்பு அதன்மேல் போனது. இப்போது நடுக்கம் இல்லை.

டொக்டொக்.

திரை கறுப்பாயிற்று. வெள்ளைப் புள்ளிகள் மேலிருந்து கீழே நிரம்பின. பக்கம் பக்கமாக ஓடின. அவன் லேப்டாப்பின் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தான். பத்து எண்ணினான். இருபது. ஓடிக்கொண்டிருந்தன. வைஃபை பெட்டியின் வயரை உருவினான். எழுந்து ஓடவேண்டும் என்று நினைத்தான். கீபோர்டின் இருபுறமும் கையை ஊன்றினான்.

கோப்பின் கடைசி வரி வந்தது. நின்றது.

மழை நின்றிருந்தது. கீழ்வீட்டில் ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. அறை குளிர்ந்தது. ஈரத் துணி வாடை போய், ஏசிக் காற்றின் வறண்ட வாடையும் கூடவே தைல வாடையும்.

புதிதாக ஒரு புள்ளி விழுந்தது.

இன்னொன்று.

அவன் கீபோர்டைப் பார்த்தான். புள்ளிக்கான விசை உள்ளே அமுங்கியிருந்தது. பக்கத்து விசைகளும். விரல் எதுவும் இல்லை. ஒரு தேங்காய் அளவு இடம் மொத்தமாக அமுங்கியிருந்தது. கனமான எதையோ அதன்மேல் இறக்கி வைத்ததுபோல. லேப்டாப்பின் அடியில் மேசைப் பலகை நெரிந்தது.

"சார்... சார்..." கவிழ்ந்த போனுக்குள் டில்லிபாபு எங்கோ தூரத்தில் கூப்பிட்டான்.

கையை எடுக்க நினைத்தான். எடுக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே ஏதோ இருந்தது. சொரசொரப்பாக. மழித்து நாளான தாடி மாதிரி. சூடாக இருந்தது.

திரை அணைந்தது. கறுப்புக் கண்ணாடியாக.

அதில் அவன் முகம் தெரிந்தது. முகத்துக்குக் கீழே அவன் இரண்டு கைகள். கைகளுக்கு நடுவே, மப்ளர் சுற்றிய நரைத்த தலை ஒன்று கீபோர்டின்மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கன்னம் விசைகளில் புதைந்திருந்தது. ஒரு கண் திறந்திருந்தது. அது அவனையே அண்ணாந்து பார்த்தது.

கோபம் இல்லை அதில். யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிற கண்.

அது இமைத்தது.