புரட்டாசியில் ஆறு கோழிகள்

பிணங்கள் இல்லை.

எலும்புகள் மட்டுமே இருந்தன!

திருப்பதி, புத்தூர் ரோடு. தனியார் தடுப்பூசி ஆய்வுக்கூடம். வாட்ச்மேன் ஏழுமலையின் அறைக்குப் பின்னால், கறிவேப்பிலை சகிதம் ஆறு கோழிகளின் மிச்சம்.

விஞ்ஞானி கல்பனா குனிந்து பார்த்தாள். கோழிகளைக் கொல்லும் ராணிக்கெட் நோய்க்கான தடுப்பூசியில் கடற்பாசிச் சத்தைக் கலந்திருந்தாள். கலந்தால் ஊசியின் பலம் கூடும் என்பது அவள் கட்சி. ஊசி போட்ட கோழிகளின் ரத்தம்தான் சாட்சி. நாளை முதலாளியிடம் காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

'ஊசி போட்டது' என்று போர்டு தொங்கிய கூண்டு... காலி!

அவள் அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அழவில்லை.

"கூண்டுச் சாவி உங்கிட்ட. எலும்பு உன் ரூம் பின்னாடி. இன்னும் என்னய்யா?" இன்ஸ்பெக்டர் வெங்கடரமணன் லத்தியைத் தட்டினார்.

"சார், புரட்டாசி சார்!" ஏழுமலை நெற்றி நாமத்தைக் காட்டினான். "எங்க ஊட்ல முட்டைகூட வாசப்படி தாண்டாது. நான் கோயி துன்னா எங்க நைனா வெட்டிப் போட்டுருவாரு!"

"பொய்யண்டி!" என்றான் பவன்குமார். கல்பனாவின் உதவியாளன். ஹைதராபாத்காரன், வந்து நாலு மாதம். முகத்தில் கறுப்புக் கண்ணாடி. "சனிக்கிழமை மட்டும்தானே துன்னமாட்டாங்க?"

"மாசம் பூரா தம்பி." இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். "இது தெரியாத எவனோதான் எலும்பை இங்க கொட்டியிருக்கான்."

பவன்குமார் கறுப்புக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டான்.

"கண்ணாடியைக் கழட்டுங்க பவன்," என்றாள் கல்பனா.

"மெட்ராஸ் ஐ, மேடம்..."

"கழட்டுங்க!"

கழற்றினான். இரண்டு கண்ணும் பழுத்த தக்காளி!

"போன மாசம் என் ரிப்போர்ட் வெளியே கசிஞ்சுது. அதனால போர்டை மாத்தி மாட்டினேன். ஊசி போட்ட ஆறும் பக்கத்துக் கூண்டுல கொக்கரிச்சுக்கினு இருக்கு. உங்ககிட்ட இருக்கற மாத்துச் சாவியால நீங்க தூக்கினது ஊசி போடாதது. ராணிக்கெட் கிருமி மட்டும் குடுத்தது. அந்தக் கிருமி மனுஷன் கண்ணுல பட்டா இப்படித்தான் சிவக்கும். கோழியை அறுத்த கையால கண்ணைத் தேய்ச்சீங்களா?"

பவன்குமாரின் முகம் வெளுத்தது.

"போட்டிக் கம்பெனி... அமெரிக்கா அனுப்பறேன்னாங்க..."

"முதல்ல சித்தூர் ஜெயிலு." இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார். "விசா வேணாம்."

ஏழுமலை நாமத்தைச் சரிசெய்துகொண்டான்.

"புரட்டாசியில துன்னா சாமி கண்ணைக் குத்தும்னு தெரியும் சார்... ரெண்டையும் குத்தும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்!"