விழுங்காத கருப்பட்டி

காலை ஐந்தே முக்காலுக்கு எரிசாறு கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு குப்பி. மண்ணெண்ணெயில் வேப்பங்காயை நசுக்கிப் போட்டது போல இருக்கும். எஸ்கலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினாள். அவளோடு ஜோடியாக ஓடும் புஷ்பம் இன்னொரு குப்பிக்கும் கை நீட்டினாள்.

"எதுக்குக்கா ரெண்டு?"

"நாப்பத்தி நாலு வயசு முட்டிக்கு ஒண்ணு பத்தாதுட்டி. நேத்தே மூணு நிமிசம் பிந்திட்டேன்லா."

இறால் குஞ்சுப் பைகளை முதுகில் கட்டிக்கொண்டு இருவரும் தூத்துக்குடியிலிருந்து தெற்கே ஓடினார்கள். கடல் ஏறிய பிறகு அந்தச் சாலையில் உப்புத்தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. வண்டிகளின் பாட்டரி ஆறு மாதத்தில் அரித்துப்போகும். கால் அரித்தால் வேறு கால் கிடைக்கும். அதனால்தான் இந்த நாற்பது கிலோமீட்டர் ஓட்டச்சுமை.

எரிசாறு என்பது கீட்டோன், சர்க்கரைக்குப் பதிலாக உடம்பு எரிக்கிற எரிபொருள். ஒரு காலத்தில் மாரத்தான்காரர்களும் பந்தயச் சைக்கிள்காரர்களும் வேகத்துக்காகக் குடித்தது. வேகம் கூடியதா என்பதில் ஆய்வாளர்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பசி மந்தமாகும் என்பது மட்டும் நிறுவனங்களுக்குப் போதுமானதாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். மேல்கையில் ஒட்டிய குருதிமானி பச்சையாக எரியவேண்டும். எதையாவது தின்று சர்க்கரை ஏறினால் சிவப்பு. அன்றோடு உரிமம் போய்விடும். பதினைந்து வருடம் சிவப்பே காட்டாதவர்களுக்குக் குஞ்சுத்தொட்டி ஓரம் உட்கார்ந்து பார்க்கிற வேலை, நிரந்தரமாக. புஷ்பத்துக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

இருபதாவது கிலோமீட்டரில் இடிந்த சுங்கச்சாவடிச் சுவர் உண்டு. அதன் மறைவில் ஓட்டக்காரர்கள் கருப்பட்டித் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புவார்கள். ரத்தத்துக்குத் தெரியாமல் நாக்கை ஏமாற்றினால், கொஞ்ச தூரத்துக்குக் காலும் ஏமாறும்.

அன்றைக்கு எஸ்கலின் துப்பிவிட்டுத் திரும்பியபோது புஷ்பம் சுவரோரம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உடம்பு நடுங்கியது. வேர்வை ஆறாக ஓடியது.

"செல்லத்தாயி, வீட்டக் கூட்டியாச்சா?" என்றாள் எஸ்கலினைப் பார்த்து. செல்லத்தாயி அவளுடைய தங்கை.

போன வருடம் இதே சுவரோரம் ஒருவன் இப்படித்தான் உளறினான். சர்க்கரை ஏறினால்தான் குருதிமானி கூச்சல் போடும். எரிசாறு கூடிப்போய் இறங்கினால் அதற்குக் கவலையில்லை. அவன் பச்சை விளக்கோடுதான் செத்தான்.

எஸ்கலின் கருப்பட்டித் தண்ணீர்ப் பாட்டிலை அவள் வாயருகே கொண்டுபோனாள். "குடிக்கா. துப்பாத."

புஷ்பம் உதட்டை இறுக்கிக்கொண்டாள். புத்தி பாதி போயிருந்தும் அது மட்டும் தெரிந்திருந்தது. "ஒம்போது நாளுட்டி" என்றாள் பல்லிடுக்கில்.

"ஒம்போது நிமிசம் இருப்பியான்னு பாரு முதல்ல."

எஸ்கலின் அவள் மூக்கைப் பொத்தினாள். வாய் திறந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். புஷ்பம் கையை உதறினாள், நகத்தால் கீறினாள், விழுங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அவள் கையில் விளக்கு சிவந்தது.

புஷ்பம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன காரியம் பண்ணிட்ட, பாவி" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

குருதிமானியிலிருந்து மேற்பார்வையாளர் பேசினார். "சர்க்கரை ஏறியிருக்கு. யாரு குடுத்தது?"

கொடுத்தவர் உரிமமும் போகும். எஸ்கலின் வாயைத் திறந்தாள். புஷ்பம் அவள் முழங்காலில் கிள்ளினாள்.

"யாரும் குடுக்கல. பசிச்சிச்சி, குடிச்சேன்."

"எரிசாறு குடிச்சா பசிக்காதேம்மா."

"எனக்குப் பசிச்சிச்சி."

மறுமுனை அணைந்துவிட்டது.

"யக்கா..."

"ஓடுட்டி. ஏழு நிமிசம் போச்சு. பையில காத்து தீந்தா ஒன் குஞ்சும் செத்துரும்."

எஸ்கலின் பையை ஏற்றிக்கொண்டு ஓடினாள். வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். புஷ்பம் தன் பையின் வாயை அவிழ்த்து, சாலையில் நின்ற கடல்தண்ணீரில் குஞ்சுகளைக் கொட்டிவிட்டிருந்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, மிச்சமிருந்த கருப்பட்டித் தண்ணீரை அவசரமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.

எஸ்கலின் கையில் விளக்கு பச்சையாகவே எரிந்தது. அவளுக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது.