படத்தில் மட்டும் இருந்த கதவு

கல்லல் ஊரைத் தாண்டி பஸ் என்னை இறக்கிவிட்ட இடத்தில் ஒரு டீக்கடைகூட இல்லை. மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. காரைக்குடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று ஒரு போர்டு மாட்டினாலும் மாட்டினேன், மிக்ஸி சுற்றவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் இந்தத் தடவை வந்த வேலை அப்படியில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கிய பெரிய மானிட்டர், படத்தோடு படத்தை ஒட்டுகிற புது சாஃப்ட்வேர். தொண்ணூற்றெட்டில் அதெல்லாம் எங்கள் பக்கம் யார் பார்த்தது? சும்மா கூப்பிட்டிருந்தாலும் ஓடியிருப்பேன்.

ஊரில் நாயைக்கூடக் காணோம். இந்தத் தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகப் படுத்துக் கிடக்கிற வீடுகள், எல்லாமே பூட்டு. நான் தேடிப்போன வீட்டுக் கதவு மட்டும் ஒருக்களித்துத் திறந்திருந்தது.

"வாங்க தம்பி. மரிய ஆனந்த் நீங்கதானே? வெயில்ல வந்திருக்கீக, இங்குட்டு நெழலுக்கு வாங்க."

பெத்தாச்சி என்று பெயர். அறுபது தாண்டியவர். ஒல்லி உடம்பு, வெள்ளை வேட்டி, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. நடக்கும்போது அது கிலுங் கிலுங் என்றது. அவ்வளவு பெரிய வீட்டில் வேறு சத்தமே கிடையாது.

உள்ளே போகப் போக இருட்டும் குளிர்ச்சியும். பழைய தேக்கு வாசனை, வௌவால் நாற்றம், ஈரச் சுண்ணாம்பு. வெளிச்சம் வந்தது வளவில்தான். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைக் கதவுகள். எல்லாம் ஒரே மாதிரி பர்மா தேக்கு, ஒரே மாதிரி பித்தளைப் பூட்டு. முற்றத்தைச் சுற்றிய நடையில், ஒரு மூலையில் பாயும் தலகாணியும் ஒரு டிரான்சிஸ்டரும். அதற்குப் பக்கத்தில் மேஜை மேல் அந்த மானிட்டர், கல்யாண வீட்டு அண்டா கணக்காக உட்கார்ந்திருந்தது.

"இத்தன அறை இருக்கு, நீங்க எதுக்கு நடையில படுக்கிறீக?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"எங்க ஆளுகள்ல கல்யாணம் ஆனாத்தான் தம்பி தனிக் குடும்பம், ஒரு புள்ளி. புள்ளி ஆனாத்தான் வளவுல ஒரு அறை. இது மூத்த அண்ணன் அறை, அது நடு அண்ணன், அங்குட்டு உள்ளது சின்ன அண்ணன். எல்லாரும் போயாச்சு. பிள்ளைக பினாங்கு, சிங்கப்பூர்னு இருக்குக. நான் கல்யாணம் பண்ணல. அதனால எனக்கு அறை இல்ல."

"அவுக அறையில ஒண்ணைத் தெறந்து படுக்க வேண்டியதுதானே?"

"அது எப்புடித் தம்பி? அது அவுக அறை" என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் வீட்டில் ஒரு நிமிஷம் தனியாக இருக்க விடமாட்டார்கள், நான் அதற்கே எரிந்து விழுவேன். இந்த மனுஷன் பிறந்த வீட்டிலேயே வழிப்போக்கன் மாதிரிப் படுத்து எழுந்திருக்கிறார்.

விஷயம் இதுதான். மூத்த அண்ணன் மகன் அழகுசுந்தரம் வீட்டை விற்றுவிட முடிவு பண்ணிவிட்டான். தூண், கதவு, நிலை எல்லாம் தனித்தனியாகப் பிரித்து விற்பார்கள். வெளிநாட்டில் இருக்கிற பங்காளிகள் பார்த்துச் சம்மதிக்க ஒரு சிடி வேண்டும். வளவின் நடுவில் கேமராவை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்த படங்களை சாஃப்ட்வேர் ஒட்டி ஒரே வட்டமாக்கும். மவுஸைப் பிடித்து இழுத்தால் வளவில் நின்று சுற்றிப் பார்க்கிற மாதிரியே இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்து காரைக்குடியில் தங்கியிருந்த அழகுசுந்தரத்துக்கு மறுநாள் விமானம்.

"வித்தா நீங்க?"

"மெட்ராஸ்ல முதியோர் இல்லத்துல சொல்லி வச்சிருக்கானாம். ஒரு ரூம்ல நாலு கட்டில்." அவர் மானிட்டரைத் துடைத்தார். "ஒட்டுன படத்துல ஒரு கதவு கூட வருது தம்பி. வாங்குறவன் அதையும் எங்கேன்னு கேப்பானேன்னு அழகு சத்தம் போடுறான்."

நான் சிரித்தேன். பனோரமா என்கிற இந்த ஒட்டுப் படத்துக்கு இது சாதாரண வியாதி. ஒரே மாதிரி தூண், ஒரே மாதிரி கதவு இருந்தால் மெஷினுக்கு எது எதென்று தெரியாது. ஒட்டுகிற இடத்தில் ஒரே கதவை இரண்டு தடவை போட்டுவிடும்.

படத்தைத் திறந்தேன். மவுஸை இழுத்தேன். தூண், கதவு, தூண், கதவு. சின்ன அண்ணன் அறையைத் தாண்டியதும் இன்னொரு கதவு. தலையைத் திருப்பி நேரில் பார்த்தேன். அந்த இடத்தில் முட்டை வெள்ளை கலந்த சுண்ணாம்பு பூசிய பளபளப்பான வெறும் சுவர்.

மானிட்டரின் ரெசல்யூஷனைக் குறைத்துப் படத்தை மங்கலாக்கினேன். கதவு இல்லை. சுவர்தான். மறுபடி முழுசாக ஏற்றினேன். கதவு வந்தது.

"சனியன், டிரைவர் கோளாறு" என்று மானிட்டரை ஓட்டும் அந்த டிரைவர் புரோகிராமை மாற்றினேன். கலரைக் குறைத்தேன். சாஃப்ட்வேரைக் கழற்றித் திரும்பப் போட்டேன். மசமசவென்று இருந்தால் சுவர். தெளிவாகப் பார்த்தால் கதவு. மண்டை காய்ந்துவிட்டது.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. பையில் கலர் பேப்பர் இருந்தது. ஒவ்வொரு கதவிலும் ஒரு கலர் ஒட்டினேன். மூத்தவருக்குச் சிவப்பு, நடு அண்ணனுக்குப் பச்சை, சின்ன அண்ணனுக்கு மஞ்சள். இனி எந்தக் கதவை மெஷின் இரண்டு தடவை போடுகிறது என்று கலரே சொல்லிவிடும். அழகுசுந்தரம் வைத்துவிட்டுப் போன கேமரா பிளாப்பியில் படம் எழுதுகிற வகை, அதனால் பிலிம் கழுவுகிற வேலை இல்லை. நானே நின்று சுற்றி எடுத்தேன். தனித்தனிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த இடம் சுவர்தான். நிம்மதியாக ஒட்டக் கொடுத்தேன்.

ஒட்டுகிற பட்டை திரையில் மெதுவாக ஓடி முடிந்தது.

சிவப்பு. பச்சை. மஞ்சள்.

அடுத்த கதவில் பேப்பர் இல்லை.

அது எந்தக் கதவின் நகலும் இல்லை. அதோடு, முன்னால் சாத்தியிருந்தது இப்போது ஒரு விரற்கடை திறந்திருந்தது.

அந்தோணியாரே என்று வாய்விட்டுச் சொன்னேன். பெத்தாச்சி பயப்படவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"இன்னும் பெருசாக்குங்க தம்பி."

பெரிதாக்கினேன். மற்றக் கதவுகளின் நிலையில் லட்சுமி இருந்தாள். இதில் ஜோடிக் கிளிகள்.

அவர் திரையிலிருந்த கிளிகளை விரலால் தொட்டார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார். "சாலா கேட்ட வேலப்பாடு தம்பி. எனக்குப் பேசி முடிச்ச பொண்ணு. கிளி வச்சுச் செய்யச் சொல்லுங்கன்னு என்னப் பெத்த அப்பச்சிகிட்ட ஆள் விட்டுச்சு. ஆசாரி மரத்தை இழைக்க ஆரம்பிக்கல, அதுக்குள்ள காய்ச்சல் கண்டு போயிருச்சு. நான் வேற பொண்ணு வேணாம்னுட்டேன். அப்பச்சி அந்த எடத்துல சுவரைக் கட்டிட்டாக."

"செய்யவே இல்லையா?"

"செய்யவே இல்ல."

அப்போது கரண்ட் போனது. வெளியே இன்னும் பொழுது சாயவில்லை, ஆனால் வளவுக்குள் வெளிச்சம் சட்டென்று மங்கியது. பேட்டரியில் மானிட்டர் மட்டும் எரிந்தது. பீப், பீப் என்று யுபிஎஸ் கத்தியது. நான் மவுஸைத் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை.

படம் தானாக ஒரு இம்மி நகர்ந்தது.

கதவு முன்னைவிட இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்திருந்தது.

கதவின் ஓரத்தைப் பிடித்தபடி உள்ளிருந்து நாலு விரல்கள். கண்ணாடி வளையல்.

சுவர்ப் பக்கமிருந்து வளையல் உரசுகிற சத்தம் வந்தது. ஸ்பீக்கரிலிருந்து இல்லை. அந்த மெஷினுக்கு ஸ்பீக்கரே கிடையாது.

"ஐயா, எந்திரிங்க, வெளிய போயிருவம்" என்று அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"தம்பி, இத அழிச்சுருவீகளா?"

"அழிக்கலைன்னா அழகுசுந்தரம் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிருவாரு!"

"அவனுக்கு வேண்டியத அவனுக்குக் குடுங்க. இத மட்டும் விட்டுருங்க." அவர் மவுஸைத் தள்ளி வைத்தார். "இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு கதவ இன்னைக்குத்தான் தம்பி பாக்குறேன்."

அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன செய்ய? கரண்ட் வந்ததும் ரெசல்யூஷனைக் குறைத்து, சுவரோடு இருந்த மசமசப் படத்தை அழகுசுந்தரத்துக்குத் தனியாகச் சிடியில் எழுதி வைத்தேன். தெளிவான படத்தை மெஷினிலேயே விட்டேன். முகம் கழுவ வேண்டும் போலிருந்தது. பின்கட்டுக்குப் போய்க் கிணற்றில் நீர் இறைத்துத் தலையோடு ஊற்றிக்கொண்டேன். பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம், இவரையும் காரைக்குடிக்கு இழுத்துக்கொண்டு போய் வீட்டில் நாலு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணித்தான் திரும்பினேன்.

நடையில் பாய் சுருட்டி வைத்திருந்தது.

கீபோர்டு மேல் சாவிக்கொத்து.

"ஐயா!" என்றேன். வீடு என் குரலை வாங்கி எங்கெங்கோ கொண்டுபோய்ப் போட்டது. வாசல் கதவை நான் வரும்போதே உள்ளே நாதாங்கி போட்டிருந்தார். அது போட்டபடியே இருந்தது. பின்வாசல் வழியாக என்னைத் தாண்டி யாரும் போகவில்லை.

திரையைப் பார்த்தேன். கிளி வைத்த கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு முன்னால் பெத்தாச்சியின் செருப்பு ஒரு ஜோடி.

அதற்குப் பிறகு போலீஸ் வந்தது, ஊரணியில் ஆள் இறங்கித் தேடினார்கள், குன்றக்குடி மலையடிவாரம் வரைக்கும் போய் விசாரித்தார்கள். நான் பார்த்ததைச் சொல்லித் திரையைக் காட்டினேன், படம் ஒட்டினதில் வந்த கோளாறு என்றார்கள். குடித்திருந்தாயா என்று கேட்டார்கள். கிழவர் மனசு வெறுத்து எங்கேயோ போய்விட்டார் என்று அழகுசுந்தரம் சொன்னான், எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தர்கூட அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விமானத்தைத் தள்ளிப்போட்டவன் போகிற போக்கில் கம்ப்யூட்டரிலிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு மானிட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டான்.

மாசி மாசம் வீட்டைப் பிரித்தார்கள்.

பங்குனியில் மாயக்கண்ணன் ஆள் அனுப்பினார். காரைக்குடியில் பழைய சாமான் வியாபாரம் பண்ணுகிறவர், என் வாடிக்கைக்காரர். கம்ப்யூட்டரில் கோளாறு என்று நினைத்துப் போனால், என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார்.

"அந்த வீட்டுப் படத்தை நீதானப்பா பண்ணிக் குடுத்த? அதுல உள்ளதவிட ஒண்ணு கூட வந்திருக்கு. லாரிக்காரன நான் ஏத்தலங்கறான், கழட்டுனவன நான் கழட்டலங்கறான்."

கொல்லையில் தூண்களும் ஜன்னல்களும் சாய்த்துக் கிடந்தன. நடுவில் நிலையோடு ஒரு கதவு, நாலு பக்கமும் கயிறு கட்டித் தனியாக நின்றது. நிலையில் ஜோடிக் கிளிகள். புது மரம். இழைத்த வாசனை இன்னும் போகவில்லை.

"பின்னால வந்து பாரு. பூட்டு இல்ல, தாழ்ப்பாள் இல்ல, ஒரு ஆணிகூட இல்ல. ஆனா நாலு பேரு தள்ளியும் தெறக்க மாட்டேங்குது. ஒடைக்க மனசு வரல" என்றார். அதற்குள் உள்ளே போன் அடித்தது. அவர் போய்விட்டார்.

சுற்றிப் போய்ப் பார்த்தேன். பின்னால் வேப்பமரமும் வெயிலும்தான். திரும்ப முன்பக்கம் வந்து நின்றேன். போய்விடு என்று கால் சொன்னது. கை கேட்கவில்லை. மெல்லத் தட்டினேன்.

மரத்துக்கு அந்தப் பக்கம் பாத்திரம் நகர்த்துகிற சத்தம் நின்றது. வளையல் சத்தம் கிட்டே வந்தது.

"யாரது வாசல்ல?" ஒரு பெண் குரல். சின்ன வயசுக் குரல்.

"நம்ம கம்ப்யூட்டர் தம்பிதான்" என்றார் பெத்தாச்சி. அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. "வெயில்ல நிக்கிறாக பாரு. தெறந்து விடு சாலா."

உள்ளே தாழ்ப்பாள் விலகியது.