பாதிக் கட்டில்

கட்டில் சில்லென்று இருந்தது.

பன்னிரண்டு மணி நேரம் ஒரு ஆள் படுத்துப் புரண்டு, இப்போதுதான் எழுந்து போன கட்டில். கொஞ்சமாவது சூடு இருக்க வேண்டாமா? தனசீலன் உள்ளங்கையை விரித்துத் தேங்காய்நார் மெத்தையின் நடுவில் வைத்தான். கிணற்றடிக் கல்லைத் தொட்ட மாதிரி ஒரு குளிர் முழங்கை வரை ஏறியது. கையை எடுத்தபோது விரல்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான்.

உப்பு.

"யக்கா, படுக்கையில உப்பு கெடக்கு."

கீழே அடுப்படியில் இருந்த வீட்டுக்காரி ஆறுமுகத்தாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பகல்காரனுக்கு டேனரில ராத்திரி ஷிப்டு. பச்சைத் தோலுக்கு உப்புப் போடுற வேலை. மேல ஒட்டத்தான செய்யும்? உதறிட்டுப் படு. பெரிய மகராசா வீட்டுப் புள்ள!"

அவன் போர்வையை உதறினான். குறை சொல்கிற நிலையில் இல்லை. தெற்கே நாசரேத்திலிருந்து பம்பாய் மாட்டுங்காவுக்கு டர்னர் வேலை படிக்க வந்தவன். திங்கட்கிழமைக்குள் பம்பாய் விலாசம் ஒன்று எழுதிக் கொடுக்காவிட்டால் சீட்டு அடுத்த பையனுக்கு என்று தொழிற்பள்ளி குமாஸ்தா சொல்லியிருந்தார். மாட்டுங்காவிலேயே மெஸ் வைத்து அறையும் வாடகைக்கு விடும் சங்கரன், இவன் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். "இங்கே நம்மவாளுக்கு மட்டும்தாம்ப்பா" என்று சிரித்தபடியே கதவைச் சாத்தினார். செம்பூரில் காலி அறை இருந்தது. அதன் வாசலில் மராத்தியில் எழுதிய அட்டையும் தொங்கியது. எதிர்க்கடைக்காரர் அதைப் படித்துச் சொன்னார்: "மதராஸிக்கு இல்லன்னு போட்டிருக்கு தம்பி. நின்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க, போயிருங்க."

மிச்சம் தாராவி. அங்கேயும் கிடைத்தது பாதிக் கட்டில்தான். ராத்திரி ஏழிலிருந்து காலை ஏழு வரை இவனுக்கு. பகல் முழுக்க இன்னொருவனுக்கு. பம்பாயில் பாதிச் சனம் இப்படித்தான் தூங்கியது. விலாசம் மட்டும் முழுசு.

"ஒண்ணே ஒண்ணு" என்றிருந்தாள் ஆறுமுகத்தாய். "அவன் நேரத்துல நீ வரப்படாது. ஒன் நேரத்துல அவன் வரமாட்டான்."

ஏணி வைத்து ஏறும் மச்சு. ஜன்னலில் கோணிச்சாக்கை ஆணியடித்து மறைத்திருந்தது. பகலில் தூங்குகிறவனுக்கு இருட்டு வேண்டுமே!

முதல் இரண்டு நாள் களைப்பில் போயிற்று. மூன்றாம் நாள் காலை சந்து முனையில் நின்று, பகல்காரனின் முகத்தையாவது பார்த்துவிடுவோம் என்று எட்டு மணி வரை காத்திருந்தான். யாரும் அந்த வாசலுக்குள் நுழையவில்லை. ஆனால் சாயங்காலம் போர்வை வேறு விதமாக மடிந்து கிடந்தது. மெத்தையில் ஆள் படுத்த பள்ளம். அதில் படுத்தான். தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கச்சிதமாகப் பொருந்தின. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து அவனுடைய இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பள்ளமும் அங்கே இறங்கியிருந்தது.

ஐந்தாம் நாள், தலையணைக்கடியில் வைத்திருந்த அம்மாவின் கடிதத்தை யாரோ பிரித்துப் படித்திருந்தார்கள். மடிப்புக்குள் உப்பு.

"யக்கா, அவரு பேரு என்ன?"

"பேரு எதுக்கு? முன்ன ராத்திரிக் கட்டில்ல கெடந்தான். இப்பம் பகல்ல கெடக்கான்."

"டேனரி வேலைக்குன்னே வந்தவரா?"

அவள் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். "படிக்க வந்தவன்தான்" என்றாள். "ஒன்ன மாதிரி."

மறுநாள் பதினோரு மணிக்கே தொழிற்பள்ளியில் மணி அடித்துவிட்டார்கள். கலவரம். தமிழன் கடைகளாகப் பார்த்துக் கொளுத்துகிறார்கள். எல்லோரும் வீட்டுக்கு ஓடுங்கள் என்றார் வாத்தியார். தனசீலனுக்கு வீடு ஏழு மணிக்குத்தான்.

ஓடினான். டயர் எரியும் நாற்றம். பின்னால் "மதராஸி! மதராஸி!" என்ற கூச்சல், தடியால் கடைக் கதவுகளைத் தட்டிக்கொண்டே வரும் சத்தம். சந்தில் ஈ காக்கை இல்லை. ஆறுமுகத்தாய் பூட்டும் கையுமாக வாசலில் நின்றாள்.

"இப்ப அவன் நேரம்லே!"

"கொன்னுருவானுவ யக்கா!"

சத்தம் சந்து முனைக்கு வந்துவிட்டது. அவள் அவனை உள்ளே தள்ளினாள். "வெளிய பூட்டிட்டுப் போறேன். ஆளில்லாத வீடுன்னு நெனைப்பானுவ. கீழ நிக்காத, ஜன்னல்ல தெரியும். மேல போயிரு." கதவு சாத்தும்போது குரலைத் தாழ்த்தினாள். "அவன எழுப்பிராத."

பூட்டு விழுந்தது.

ஏணியில் ஏறினான். ஒவ்வொரு படிக்கும் பச்சைத்தோல் வாடை கூடியது. கடைசிப் படியில் அது வாடையாக இல்லை, வாயில் கரித்தது. கோணியின் ஓட்டைகள் வழியே மத்தியான வெயில் ஊசி ஊசியாக இறங்கியது. கட்டிலில், தலையிலிருந்து கால் வரை போர்வை மூடி, சுவரைப் பார்த்து ஒரு ஆள்.

நின்று பார்த்தான். போர்வை ஏறவில்லை. இறங்கவில்லை.

இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கீழே ஜன்னல் கம்பியில் தடி உரசியது. மராத்தியில் யாரோ ஏதோ கேட்டான். இன்னொருவன் சிரித்தான். தனசீலன் கால்களை மடக்கிக் குந்தினான். மச்சின் விளிம்பிலிருந்து கட்டிலுக்கு ஒரு முழம்கூட இல்லை. வேறு இடமே இல்லை.

பூட்டின் மேல் முதல் அடி விழுந்தது.

வீடு அதிர்ந்தது.

கட்டில் முனகியது.

திரும்பாமல், தலை தூக்காமல், போர்வைக்குள் இருந்தது சுவரோரமாக நகர்ந்தது. மெல்ல. கொஞ்சம் கொஞ்சமாக. உப்பு பொலபொலவென்று தரையில் உதிர்ந்தது. சரிபாதிக் கட்டில் காலியானதும் நின்றது.

இரண்டாவது அடி.

போர்வையின் ஓரம் உயர்ந்தது. ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு. உயர்ந்தபடியே நின்றது.